செபமாலையும் படுக்கை விரிப்பும்: வேலை நேரத்தில் மாதா பக்திக்கு இடம் எங்கே?

இரவுப்பணி | அதிகாலை 4.40

நான்கு நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கொட்டிவிடுகிறேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு உதவியாளராக இருக்கிறேன். படுத்த படுக்கையாகிவிட்டவர்களைத் துடைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது ஆகியவைதான் வேலை. சட்டைப்பையில் எப்போதும் செபமாலை இருக்கும். தாழ்வாரத்தில் நடக்கும்போது இரண்டு அருள்நிறை மந்திரம், கை கழுவும்போது ஒன்று என்று, பத்துப் பத்து மந்திரமாக உள்ள ஐந்து பத்தையும் விடிவதற்குள் எப்படியும் முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகை ஒட்டித் தள்ள வேண்டும். காலியான பாதியில் புதியதை விரித்து, அதன் மறுபாதியையும் சுருட்டி அங்கேயே ஒட்டி வைக்க வேண்டும். அந்த மேட்டின் மீது அவரை மெல்ல மறுபக்கம் உருட்டி, பழையதை உருவிவிட்டு, புதியதை இழுத்து இறுக்கிச் செருக வேண்டும். கடைசியாக உள்ளங்கையால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். தானாக நகர முடியாதவருக்கு ஒரு சுருக்கம் போதும், புண்ணாகிவிடும்.

அன்றைக்கு நான் தடவிப் பார்க்கவில்லை. கை வேலையில் இருந்தது, மனம் மூன்றாம் மறைபொருளின், அதாவது மூன்றாம் பத்தில் தியானிக்கும் நிகழ்வின், நடுவில் இருந்தது. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதே என்ற நினைப்பு.

செபமாலை பையிலிருந்து நழுவி அவருக்கு அடியில் போயிருக்கிறது. அடுத்த முறை புரட்டியபோதுதான் பார்த்தேன். பக்கவாதம் வந்தவர். இடப்பக்கம் உணர்ச்சியே கிடையாது, அதனால் அவர் ஒரு சத்தமும் போடவில்லை. இடுப்பெலும்பின் மேல் வரிசையாக ஏழு குழிகள். மணி மணியாகப் பதிந்திருந்தன.

தலைமைச் செவிலியர் கத்தவில்லை. "உன் பக்தி உன் பையிலேயே இருக்கட்டும் அம்மா, அவர் இடுப்புக்கு அடியில் வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறு மறையுரையில், நாசரேத்தில் மாதா வீடு பெருக்கினார், தண்ணீர் சுமந்தார், அதுவே அவருடைய செபம், உங்கள் வேலையும் அப்படியே என்று சாமியார் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலையே செபம் என்றால் மாலை எதற்கு? மாலைதான் செபம் என்றால், அந்த மனிதர் அதன்மேல் படுத்துக் கிடந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன பெயர்?

மரத்தூள் | காலை 7.05

நான் தச்சன். ரம்பம் ஓடும்போது செபமாலை சொல்லாதீர்கள், விரல் போய்விடும். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு சிலுவை அடையாளம். அழுத்திய பிறகு மரம் மட்டும்தான். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டிலும் இரண்டு தச்சர்கள் இருந்தார்கள்.

பழுப்புத்தாள் | காலை 9.30

சகோதரி, சாமியார் சொன்னது வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட, பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் 4ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். மரியா இவ்வுலகில் எல்லோரையும் போன்ற வாழ்க்கையே வாழ்ந்தார், குடும்பக் கவலையும் உழைப்பும் நிறைந்த வாழ்க்கை, அதனூடே எப்போதும் தம் மகனோடு நெருங்கி ஒன்றித்திருந்தார் என்ற கருத்து அங்கே இருக்கிறது. நமக்கு முன்மாதிரியாக வேறு யாரையோ தேடாமல் இவரைத்தான் காட்டுகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மரியாவைப் பற்றித் தனி ஏடு எழுதுவதா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள்ளேயே அவரைச் சேர்ப்பதா என்று சங்கத் தந்தையர் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுப்பு. உள்ளே சேர்க்கலாம் என்றவர்கள் 1114, தனியே வேண்டும் என்றவர்கள் 1074. நாற்பதே வாக்கு வித்தியாசம். அதனால்தான் 1964இல் வந்த 'லூமென் ஜென்சியும்' ஏட்டின் 8ஆம் அதிகாரமாக, விசுவாசிகளாகிய நமக்கு நடுவில் அவர் இருக்கிறார். தனிப் பீடம் போட்டு உயரத்தில் வைக்க நினைத்தவர்களுக்கும் அன்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் என் ஓட்டு அந்த 1114 பேர் பக்கம்தான்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஆள் இன்னொருவர் இருக்கிறார்: 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ். சமையலறையில் போட்டார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பிற்காலத்தில் காலணி பழுதுபார்க்கும் வேலை. வேலை நேரமும் செப நேரமும் தமக்கு ஒன்றாகவே இருக்கின்றன என்று சொன்னவர். அவர் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

கேள்விக்குறி | பகல் 12.15

நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான், வம்புக்கு வரவில்லை. ஆனால் நற்செய்திகளில் துடைப்பம் எங்கே இருக்கிறது? மரியா வாய் திறந்து பேசும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு பெருக்கினார், மாவு பிசைந்தார் என்று ஒரு வரி கூட இல்லை. விவிலியத்தில் சேராத 'யாக்கோபின் முதல் நற்செய்தி'யில் ஆலயத் திரைக்காக ஊதாவும் கருஞ்சிவப்புமாக நூல் நூற்றார் என்று வரும். அதுகூட ஆலயத்துக்கான வேலை.

நமக்கு வேண்டிய மாதாவை நாமே செதுக்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை. பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் துடைப்பம் பிடித்த மாதா. அரசர்கள் காலத்தில் கிரீடம் வைத்த மாதா. கூட்டத்தில் ஒரு பெண், "உம்மைக் கருத்தாங்கிய வயிறு பேறுபெற்றது" என்று குரல் கொடுத்தபோது இயேசு என்ன சொன்னார்? இறைவார்த்தையைக் கேட்டு அதைக் கடைப்பிடிப்போரே அதைவிடப் பேறுபெற்றோர் என்று திருப்பிவிட்டார் (லூக்கா 11). அதற்கு மேல் நாம் ஏன் அலங்கரிக்க வேண்டும்?

மூன்றாம்ஷிஃப்ட் | பிற்பகல் 3.50

"வேலையே செபம்" என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து எனக்கு அதன் பொருள் மாறும்.

நான் முன்பு வேலை பார்த்த தொழிற்கூடத்தில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே துணி சோதிக்க வேண்டும். கால் வீங்கி, நாங்கள் சிலர் உட்கார முக்காலி கேட்டோம். மேற்பார்வையாளர் எங்கள் சபைக்காரர்தான். "மாதா சிலுவையடியில் நின்றுகொண்டுதான் இருந்தார். கால் வலியை ஒப்புக்கொடுங்கள்" என்றார். சொல்லிவிட்டுத் தம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பல மாதங்கள் எனக்கு மாதா மேலேயே கோபம். பிறகு ஒருநாள் மாலைச் செபத்தில் அவருடைய பாடலை முழுக் கவனத்தோடு வாசித்தேன். "வலியோரை அரியணையினின்று தூக்கி எறிந்துள்ளார், தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார்." இதைப் பாடிய வாயை வைத்தா முக்காலி இல்லை என்கிறீர்கள்? நானாக மனமுவந்து ஒப்புக்கொடுப்பது வேறு. எனக்குப் பதிலாக என் முதலாளி என் வலியை ஒப்புக்கொடுப்பது வேறு.

இரவுப்பணி அவர்களே, ஒன்று கேட்கிறேன். ஓர் இரவுக்கு எத்தனை பேரை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்? தவறு உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையும் அந்த விரிப்புக்கு அடியில் கிடந்திருக்கலாம்.

பழுப்புத்தாள் | மாலை 5.20

மூன்றாம்ஷிஃப்ட் சொன்னதற்கு அடிக்கோடு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' மடலிலேயே நியாயமான கூலி, ஓய்வு, தொழிலாளர் சங்கம் எல்லாம் பேசப்பட்டாயிற்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு ஒதுக்கினார். உழைப்பாளர் நாளை விட்டுவிட வேண்டாம், அதற்குள்ளேயே போய் உட்காருவோம் என்ற முடிவு அது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' மடல் (1981) இன்னும் ஒருபடி மேலே போகிறது. வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக இல்லை என்பதுதான் அதன் முதுகெலும்பு. வேலையின் மதிப்பை, என்ன வேலை என்பதை வைத்து எடை போடாமல் யார் செய்கிறார் என்பதை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த மடல் 'ரேரும் நோவாரும்' வெளியான தொண்ணூறாம் ஆண்டையொட்டி மே மாதம் வந்திருக்க வேண்டியது. பாத்திமா மாதா திருநாளான மே 13 அன்று அவர் சுடப்பட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகே கடைசித் திருத்தம் செய்து செப்டம்பரில் வெளியிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை. போர்க்காலத்தில் அவர் முதலில் கல்குவாரியிலும் பிறகு சோல்வே இரசாயன ஆலையிலும் கூலியாள். அங்கே மோன்ஃபோர்ட் லூயிஸ் எழுதிய மரியன்னை பக்தி நூலைக் கையோடு கொண்டுபோய் வாசித்திருக்கிறார். அதன் அட்டையில் சுண்ணாம்புக் கறை படிந்துவிட்டது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். மாதா பக்தி மிகுந்த அந்த இளைஞர்தான் பிற்பாடு தொழிலாளர் உரிமைக்கு மடல் எழுதினார். இரண்டும் ஒரே கையால் நடந்தவை.

கேள்விக்குறி, உங்களுக்கும் வத்திக்கான் சங்கத்தில் ஆதரவு உண்டு. 'லூமென் ஜென்சியும்' 67ஆம் எண், மரியாவைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தலும் வேண்டாம், குறுகிய மனமும் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் காதைத் திருகுகிறது.

பின்வரிசை | மாலை 6.02

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்? ஒருவரும் கேட்கவில்லையே.

துணிமடிப்பு | இரவு 8.45

பின்வரிசை கேட்டதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

கேள்விக்குறி அவர்களுக்கு: துடைப்பம் இல்லை என்ற உங்கள் குறையை, பிரான்சில் கார்மேல் மடத்துத் துறவியாக இருந்த குழந்தை இயேசுவின் தெரேசா சிறுமலர் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார், ஆனால் தலைகீழாக. 1897 ஆகஸ்டில், இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, படுக்கையில் இருந்தபடி மாதாவைப் பற்றிய மறையுரைகள் தமக்கு ஏன் பிடிப்பதில்லை என்று விளக்கினார். கற்பனையான வாழ்வைக் காட்டாமல் மாதாவின் உண்மையான வாழ்வைக் காட்ட வேண்டும், அது மிக எளியதாகத்தான் இருந்திருக்கும், நம்மைப் போலவே விசுவாசத்தால் வாழ்ந்தவர் அவர், பின்பற்றக்கூடியவராக அவரைக் காட்டுங்கள் என்பது அவர் வாதம். நற்செய்தி எழுதாமல் விட்டதை அதிசயங்களால் நிரப்பாதீர்கள் என்றார்.

அவருக்குச் செபமாலை சொல்லவே மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? எவ்வளவு முயன்றாலும் மனம் நிற்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் துணி துவைக்கும் இடத்தில் எதிரே இருந்த சகோதரி கைக்குட்டைகளை அடிக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கும். முகத்தைத் துடைத்து அவருக்கு உணர்த்தலாமா என்று தோன்றியதாம். துடைக்கவில்லை. மடத்துச் சலவையில் நடந்த இந்தச் சிறு காரியம் எனக்குப் பல மறையுரைகளுக்குச் சமம். நான் மூன்று பிள்ளைகளின் துணி மடிப்பவள். தெறிக்கும் தண்ணீர் எனக்குத் தெரியும்.

மரத்தூள் | இரவு 9.30

'தச்சர்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று. மாற்கு 6:3இல் "இவர் தச்சர் அல்லவா! மரியாவின் மகன்தானே!" என்று ஊர்க்காரர்கள் சொல்வது பாராட்டு இல்லை, இளக்காரம். இவனுக்கு எங்கிருந்து இந்த ஞானம் என்கிறார்கள். வேலையும் தாயின் பெயரும் ஒரே வாக்கியத்தில் வசையாக வந்து விழுகின்றன. கிரேக்கச் சொல் 'தெக்தோன்' மரவேலை மட்டுமில்லை, கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும் என்கிறார்கள். எப்படியோ, கையில் காய்ப்பு ஏறிய வேலை.

மாலை எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா அக்கா? புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலில் 31ஆம் அதிகாரம், மடத்தின் கருவிகளையும் சாமான்களையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல மதிக்கச் சொல்கிறது. உளியையும் கலசத்தையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். ஆனால் அதே நூலில் மணி அடித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் செபத்துக்கு ஓட வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் கலந்து கூழாக்கவில்லை அவர். வேலைக்கு ஒரு நேரம், நிறுத்துவதற்கு ஒரு நேரம்.

மூவேளை செபம் இதற்குத்தான் எனக்குப் பிடிக்கும். காலை, நண்பகல், மாலை. மொத்தம் மூன்று அருள்நிறை மந்திரம், இரண்டு நிமிடம் ஆகாது. இழைப்புளியைக் கீழே வைத்தால்தான் சொல்ல முடியும். "வார்த்தை மனுவுருவானார்" என்று சொல்லிவிட்டு மறுபடி மரத்தைத் தொடுகிறேன். வேலையை நான் சுமக்கவில்லை, யாரோ முன்பே தொட்ட மரம் என்று அந்த நேரம் தோன்றும். மற்ற நேரத்தில் தோன்றாது, பொய் சொல்ல மாட்டேன்.

வேலையைப் புனிதப்படுத்துவது என்பதையே வாழ்நாள் முழுக்கப் பேசிய ஸ்பெயின் நாட்டுக் குரு புனித எஸ்க்ரிவா, அரைகுறையாக முடித்த வேலையைக் கடவுளுக்குக் காணிக்கையாக்க முடியாது என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். லேவியர் நூலில் பழுதுள்ளதைச் செலுத்தாதே என்று இருக்கிறது அல்லவா, அதே கணக்கு. இந்த ஒன்றில் என் பட்டறையும் அவரும் ஒரே கட்சி. ஆடும் நாற்காலிக்கு எத்தனை பத்து சொன்னாலும் ஆட்டம் நிற்காது.

கேள்விக்குறி | இரவு 11.10

பின்வரிசையின் கேள்விக்குப் பிறகு லூக்காவை மறுபடி எடுத்தேன். துடைப்பம் இப்போதும் இல்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தேன்.

1:39இல் மரியா மலைநாட்டுக்கு "விரைந்து" போகிறார். வானதூதர் வந்துபோன கையோடு. எலிசபெத்துக்கு அப்போது ஆறாம் மாதம். வயதான உடம்பு. பிறகு பாடல் வருகிறது, பத்து வசனம். அதை நாம் மாலைதோறும் பாடுகிறோம். பாடல் முடிந்ததும் 1:56: "மரியா ஏறக்குறைய மூன்று மாதம் எலிசபெத்தோடு தங்கியிருந்தபின்பு தம் வீடு திரும்பினார்." ஒரே வரி. பாடுவதற்குச் சில நிமிடம் ஆகியிருக்கும். மற்ற தொண்ணூறு நாட்கள் அவர் என்ன செய்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியான ஒரு மூதாட்டியின் வீட்டில் மூன்று மாதம் சும்மா இருந்திருக்க மாட்டார் என்பது வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் சாமியார்கள் போக வேண்டாம்.

எழுதாமல் விட்டதை எழுதாமலே விடுவதில் எனக்கு ஒரு மரியாதை தெரிகிறது. இரவுப்பணி அவர்கள் செய்யும் வேலையும் அந்த வகைதானே. காலையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

துணிமடிப்பு | இரவு 11.25

சண்டைக்கு வந்தவர் இப்படி எழுதினால் நாங்கள் என்ன செய்வது?

கேள்விக்குறி | இரவு 11.31

கிரீடம் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

இரவுப்பணி | இரண்டு நாட்களுக்குப் பிறகு, காலை 6.50

இப்போதுதான் பணி முடிந்து வெளியே வந்தேன். எல்லோருக்கும் நன்றி. திட்டு விழும் என்றுதான் நினைத்தேன்.

பெரியவரைப் பற்றி முதலில். அன்றே விரலால் அழுத்திப் பார்த்தேன். தோல் வெளுத்து, விட்டதும் நிறம் திரும்பியது. அது நல்ல அறிகுறி, உள்ளே கெட்டுப்போகவில்லை. குழிகள் அன்று மாலைக்குள் மறைந்தன. சிவப்பு இரண்டாம் நாள் போனது. பின்வரிசை அவர்களே, நான் இந்த இழையைத் தொடங்கியபோது இதை எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. என் செபம் கெட்டதே என்ற கவலையில்தான் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்த்தால் தெரிகிறது.

மூன்றாம்ஷிஃப்ட் கேட்டதற்கு: இருபத்திரண்டு பேர், நாங்கள் இருவர். தலைமைச் செவிலியரிடம் சொன்னேன். அவர் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. பதில் வரவில்லை. முக்காலி உங்களுக்குக் கிடைத்ததா என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

மாலையை இப்போது உடைமாற்றும் அறையில் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறேன். முதல் இரவு கை தானாகப் பைக்குள் போய்ப் போய் வந்தது. ஐந்து பத்து முடிக்கவில்லையே என்று ஒரு குறை இன்னும் இருக்கிறது, அதை வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன், பாதியில் தூங்கிவிடுகிறேன். காலை ஆறுக்கு மாடிப்படியில் நின்று மூவேளை செபம் மட்டும்.

பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பேச்சு குழறும், ஆனால் புரிந்துகொள்ளலாம். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார். அவருக்குத் தெரியாது என்பதுதான் எனக்குக் கஷ்டம் என்று விளக்கத் தெரியாமல் விரிப்பை மாற்ற ஆரம்பித்தேன். புரட்டி, சுருட்டி, உருட்டி, இறுக்கி, கடைசியில் தலைமாட்டிலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். இரண்டு முறை.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தேடுகிறாய்?" என்றார்.

"சுருக்கம் ஐயா" என்றேன்.